லண்டனில் எந்தப் பகுதி? ஆறு வயதும் மூன்றரை வயதுமாக இரண்டு பிள்ளைகள், கையில் ஐந்து வாரம்

சிறுவாணி

வணக்கம்ங்க. எங்களுக்குக் கோவை, வடவள்ளி. என் கணவருக்கு லண்டனில் வேலை உறுதியாகிவிட்டது. ஸ்கில்டு ஒர்க்கர் விசா நாலு பேருக்கும் வந்துவிட்டது. ஜனவரி 5 அவர் சேர வேண்டும். அலுவலகம் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். வாரத்தில் மூன்று நாள் நேரில், இரண்டு நாள் வீட்டிலிருந்து.

பையனுக்கு ஆறு வயது, வருகிற ஜூனில் ஏழு முடியும். பாப்பாவுக்கு மூன்றரை, மே மாதம் நாலு முடியும். நான் பன்னிரண்டு வருட வங்கி வேலையை விட்டுவிட்டு வருகிறேன். முதல் வருடம் வீட்டில்தான் இருப்பேன்.

குழப்பம் எல்லாம் எங்கே குடியேறுவது என்பதில்தான். அவருடைய நண்பர்கள் கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம் என்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவர் பிள்ளை குட்டியோடு இருக்க வடமேற்கில் ஹாரோதான் என்கிறார். அலுவலகத்தில் ஒருவர் லண்டனுக்கு வெளியே ரெடிங் போ, அதே வாடகைக்குத் தோட்டத்தோடு வீடு கிடைக்கும் என்கிறார். வாடகை 2,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. இதற்கிடையில் ஏஜென்ட் ஒருவர் வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டி, வீட்டை நிறுத்திவைக்கும் முன்பணமான ஹோல்டிங் டெபாசிட்டை இந்த வாரமே கட்டினால்தான் நிற்கும் என்கிறார். ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் மேப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தெருத் தெருவாகப் பார்க்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை. அங்கே இருக்கிறவர்கள் வழி சொல்லுங்கள்.

மழைநடை

சிறுவாணி, அந்தப் பணத்தை இன்று கட்டாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் ஹாரோவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். "எந்தப் பகுதி" என்று எல்லோரும் கேட்கிறோம், நானும் அப்படித்தான் கேட்டேன். உங்கள் நிலையில் முதல் கேள்வி அதுவல்ல. உங்கள் பையனுக்கு எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது என்பதுதான். ஜூனில் ஏழு முடிகிற பிள்ளை இப்போது இங்கே இயர் 2. நாலு வயதில் சேர்கிற ரிசப்ஷன், அடுத்து இயர் 1, இயர் 2 ஆகிய மூன்று வகுப்பிலும் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகள்தான் என்பது சட்டம். 30 நிரம்பிவிட்டால் நீங்கள் பள்ளி வாசலுக்கு எதிர்வீட்டில் இருந்தாலும் இடம் கிடையாது. அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் எப்படியும் ஒரு பள்ளியில் இடம் தேடித் தந்துவிடும், ஆனால் அது நீங்கள் ஆசைப்பட்ட பள்ளியாக இருக்க வேண்டியதில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் நல்ல பள்ளிக்கு ஐந்து நிமிடத்தில் வீடு பிடித்துவிட்டோம் என்று மகிழ்ச்சியாக வந்து இறங்கினோம். பெரியவளுக்கு அங்கே இடமில்லை. அவளுக்கு ஒன்றரை மைல் தள்ளி ஒரு பள்ளி, சின்னவனுக்கு வீட்டுப் பக்கத்துப் பள்ளி. இரண்டும் மூன்றேகால் மணிக்கு விடும். ஒரே நேரத்தில் இரண்டு வாசலில் நான் எப்படி நிற்பேன்? சின்னவனைத் தினமும் அலுவலக அறையில் பத்து இருபது நிமிடம் உட்கார வைப்பார்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஈர நடைபாதையில் ஓடுவேன். அவன் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். மூச்சுபட்டுக் கண்ணாடியில் வட்டமாகப் புகை படிந்திருக்கும். பதினோரு மாதம் அப்படிப் போயிற்று. வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த இரண்டு வாசலைப் பற்றி ஒரு நிமிடம் கூட நான் யோசிக்கவில்லை.

இன்னொரு அவசரம். பாப்பா மே மாதம் நாலு முடிந்தால் வருகிற செப்டம்பரில் அவளுக்கு ரிசப்ஷன். அதற்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 15. முடிவு ஏப்ரல் 16 வரும். பிள்ளை இங்கே ஒரு முகவரியில் குடியிருக்க வேண்டும் என்று பெரும்பாலான கவுன்சில்கள் கேட்கும், அதனால் உங்களுடையது தாமத விண்ணப்பமாகத்தான் போகும். பயப்பட வேண்டாம், ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லூரான்

தங்கச்சி, நான் 1985இல வந்தனான். ஈஸ்ட்ஹாமிலதான் முதல் அறை. ஒரு அறைக்குள்ள ஆறு பேர். இப்ப பிள்ளையள் வளந்து, பேரப்பிள்ளையளும் இஞ்சைதான்.

ஈஸ்ட்ஹாமைப் பற்றி ஆக்கள் நல்லாயும் சொல்லுவினம், கெட்டதாயும் சொல்லுவினம். ரெண்டும் உண்மை. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில இறங்கினா முருங்கைக்காயில இருந்து இடியப்ப மா வரைக்கும் வாங்கலாம். மேனர் பார்க் சேர்ச் ரோட்டில முருகன் கோயில் இருக்கு. உங்கடை அவருக்கு ஈஸ்ட்ஹாமில ஹமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் ஏறினா வண்டி மாறாமல் லிவர்பூல் ஸ்ட்ரீட். ஸ்டேசன்ல லிப்ட் இருக்கு, பிள்ளையை வைச்சுத் தள்ளுற பிராமோட போறவைக்கு அது பெரிய விசயம். தெற்கு லண்டன் டூட்டிங் புரோட்வேயும் எங்கடை ஆக்கள் நிறைய இருக்கிற இடம்தான், ஆனா அங்கை லிப்ட் இல்லை. பிள்ளையைத் தூக்கி, வண்டியை மடிச்சு எண்டு பாடு.

ஆனா ஈஸ்ட்ஹாம் இருக்கிற நியூஹாமில வீடுகளைப் பிரிச்சுப் பிரிச்சு வாடகைக்கு விடுறது கூட. ஒரு வீட்டுக்குள்ள மூண்டு குடும்பம் இருக்கிறதையும் கண்டிருக்கிறன். 2013இலேயே அந்தக் கவுன்சில் முழுப் பகுதிக்கும் வீட்டுக்காரருக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கினது சும்மா இல்லை. வீட்டுக்காரரிட்டை லைசென்ஸ் இருக்கோ எண்டு கவுன்சில் தளத்தில பாத்துப்போட்டுப் போங்கோ. இல்லாத வீட்டுக்கு எவ்வளவு வடிவா இருந்தாலும் போகாதைங்கோ.

புதுத்தறி

எல்லோரும் தமிழர் இருக்கிற இடமாகவே சொல்கிறீர்கள். நான் மாறுபடுகிறேன். அவ்வளவு தூரம் கடந்து வருகிறோம், திரும்ப ஒரு சின்ன ஊரை உருவாக்கி அதற்குள் உட்கார்ந்துகொள்ளவா? பிள்ளைகள் எல்லோரோடும் பழக வேண்டும், மொழி சீக்கிரம் வர வேண்டும். நாங்கள் வேண்டுமென்றே தமிழர் அதிகம் இல்லாத ஒரு பகுதிக்குப் போனோம். என் மகன் நாலு மாதத்தில் சரளமாகப் பேசினான். வாடகையும் மோசமில்லை. மளிகைக்கு மாதம் ஒருமுறை போய் மூட்டையாக வாங்கி வந்தால் போயிற்று.

நல்லூரான்

தம்பி, நீங்கள் சொல்லுறது பிழை எண்டு சொல்லேல்லை. பிள்ளை எங்கை இருந்தாலும் ஆறு மாசத்தில இங்கிலீசு கதைக்கும். அதுக்கு இடம் பாக்கத் தேவையில்லை. நான் யோசிக்கிறது பிள்ளையைப் பற்றி இல்லை, தாயைப் பற்றி. தங்கச்சி வேலையை விட்டுப்போட்டு வாறா. அவர் காலமை போனா இருட்டினாப் பிறகுதான் வருவார். ஜனவரி, பெப்ரவரியில ரெண்டு பிள்ளையோட நாலு சுவருக்குள்ள. அவவுக்குக் காய்ச்சல் வந்தா பள்ளிக்கூட வாசலுக்கு ஆர் போறது?

என்ரை மனுசி ரெண்டாவது பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில கிடந்த நேரம், மூத்தவளை மூண்டு நாள் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு வந்தது பக்கத்து வீட்டு வங்காளி அம்மா. அவ தமிழ் இல்லை. எங்கடை மொழி ஒரு சொல்லும் தெரியாது. ஆனா கதவைத் தட்டலாம் எண்டு எங்களுக்குத் தெரியும். அப்பிடி ஒரு கதவு இருக்கிற தெருவுக்குப் போகட்டும் எண்டுதான் சொல்லுறன். தமிழ்க் கதவாத்தான் இருக்கோணும் எண்டில்லை.

புதுத்தறி

அண்ணா, இதை ஏற்கிறேன். என் மனைவி முதல் குளிர்காலத்தில் ஊருக்குத் திரும்பலாம் என்று அழுதது உண்மை. அவள் பேச ஆள் இல்லாமல் தவித்தாள். அப்போது மகனின் ஆங்கிலத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். முன்பு எழுதியதில் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

காவிரிக்கரை

வீடியோ காலில் பார்த்து வீடு எடுத்த குடும்பம் எங்களுடையது. அதனால் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் வெள்ளை வெளேர் என்று இருந்தது. தரைத்தளம், இரண்டு படுக்கையறை, பின்னால் ஒரு துண்டுப் புல்தரை. வந்து இறங்கிய மூன்றாம் வாரம், சிறிய அறையில் துணி அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தினேன். பின்சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி, கடுகைத் தாளித்துக் கொட்டியது மாதிரி. பூஞ்சை. நாங்கள் வருவதற்கு முன் மேலே ஒரு பூச்சுப் பெயின்ட் அடித்து மூடியிருக்கிறார்கள். தினமும் காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் ஓடும். பழைய துண்டால் துடைத்துப் பிழிந்தால் கால் வாளி வரும். இட்லி ஊற்றினால் அடுப்படிச் சுவரே வியர்க்கும். குழந்தைக்கு இரவெல்லாம் இருமல், நெஞ்சில் வீசிங். ஏஜென்டிடம் சொன்னால், நீங்கள் சமைக்கிற முறையால்தான், துணியை உள்ளே காயப் போடாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். வெளியே 2 டிகிரி.

இது சின்ன விஷயமில்லை. 2020இல் ரோச்டேலில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வீட்டுப் பூஞ்சையால் மூச்சுக் கோளாறு வந்து இறந்தது. மரண விசாரணையில் அது உறுதியாயிற்று. அதன் பிறகுதான் கவுன்சிலும் வீட்டுச் சங்கங்களும் வாடகைக்கு விடும் சமூக வீடுகளில் பூஞ்சையைச் சரிசெய்யக் கெடு வைத்துச் சட்டம் வந்தது. எங்கள் வீட்டுக்குக் கடைசியில் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவிலிருந்து ஆள் வந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர் அசைந்தார்.

வீடு பார்க்கப் போகும்போது வெயில் நாளில் போகாதீர்கள். மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். கதவு திறந்ததும் மூக்குதான் முதலில் வேலை செய்ய வேண்டும். ஊறப்போட்ட துணி மாதிரி ஒரு வாடை வரும். அலமாரியை நகர்த்திப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். சுவர் மூலையில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். குளியலறையில் காற்றை வெளியே இழுக்கும் விசிறியைப் போட்டு, ஒரு தாளை அதன் மேல் வையுங்கள். தாள் ஒட்டி நின்றால் சரி. வீட்டின் எரிசக்தித் திறனைச் சொல்லும் ஈபிசி தரச் சான்று கேளுங்கள். வாடகை வீடு ஈ தரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது என்பது விதி, ஆனால் ஈ என்றாலே குளிர்காலக் கேஸ் பில் கையைக் கடிக்கும். சி இருந்தால் நிம்மதி.

சிறுவாணி

காவிரிக்கரை, படித்ததும் கை நடுங்கிவிட்டது. ஏஜென்டிடம் வேண்டாம் என்று இப்போதுதான் எழுதினேன். மழைநடை அக்கா, உங்கள் பையன் கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றது கண்ணை விட்டுப் போகவில்லை.

அப்படியானால் அவர் மட்டும் முதலில் போய், தற்காலிகமாக ஒரு அறையில் தங்கி, பள்ளியில் இடம் விசாரித்துவிட்டு வீடு பிடிப்பது சரியாக வருமா? நாங்கள் பிப்ரவரியில் வருவதாக வைத்துக்கொள்ளலாம். ரெடிங் பற்றியும் யாராவது சொல்லுங்கள். தோட்டம் என்றதும் பிள்ளைகளுக்கு ஆசை.

கெனட்டோரம்

ரெடிங் பக்கம் லோயர் எர்லியில் ஏழு வருடம். தோட்டம் உண்மை, அமைதி உண்மை, அதே வாடகைக்கு ஒரு அறை கூடுதலாகக் கிடைப்பதும் உண்மை. மே மாதத்தில் பிள்ளைகளைப் பின்கட்டில் விட்டுவிட்டுச் சமைக்கலாம். அந்தச் சுகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் கணவர் லிவர்பூல் ஸ்ட்ரீட் போக வேண்டும். எலிசபெத் லைனில் ரெடிங்கிலிருந்து மாறாமல் போகலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேடிங்டன் வரை வேக ரயிலில் போய் மாறினால் கொஞ்சம் குறையும். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பஸ்ஸையும் சேர்த்தால் ஒரு வழிக்கு ஒன்றரை மணிக்கு மேல். பிளெக்ஸி சீசன் டிக்கெட் 28 நாளில் 8 நாள் பயணத்துக்கு. வாரம் மூன்று நாள் என்றால் 12 ஆகிறது, அது பற்றாது. வாடகையில் மிச்சம் பிடித்ததை ரயிலுக்குக் கொடுப்பீர்கள்.

பணத்தை விட இன்னொன்று. முதல் இரண்டு வருடம் நானும் வாரம் நாலு நாள் போனேன். மகள் எழுவதற்கு முன் கிளம்புவேன், திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள் அல்லது தூக்கக் கலக்கத்தில் இருப்பாள். ஒரு நாள் பள்ளியிலிருந்து தொலைபேசி, விழுந்து பல் உடைந்துவிட்டது என்று. மனைவி அன்று பல்கலைக்கழகத்தில். ரயில் சிக்னல் கோளாறால் நடுவழியில் நின்றிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தேன். அவள் உதட்டில் ஈரத் துணியை அழுத்திக்கொண்டு அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது எனக்கு வேலை ரெடிங்கிலேயே. இந்த ஊர் எங்களுக்குப் பொருந்திவிட்டது. உங்களுக்கு, இப்போதைக்கு, பொருந்தாது என்றுதான் நினைக்கிறேன். இங்கே தேர்வு வைத்துச் சேர்க்கும் கிராமர் பள்ளிகள் நல்லவை என்று சொல்லிப் பலர் வருகிறார்கள். அதற்கான தேர்வு பத்து வயதில். ஆறு வயதுப் பிள்ளைக்காக அதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதற்குள் நீங்கள் இரண்டு வீடாவது மாறியிருப்பீர்கள்.

சுண்ணக்கட்டி

ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். பள்ளியைப் பற்றிக் கொஞ்சம்.

"அவுட்ஸ்டாண்டிங் பள்ளி எது" என்று எல்லோரும் தேடுகிறார்கள். 2024 செப்டம்பரிலிருந்து அரசுப் பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச் சொல் மதிப்பீட்டைப் பள்ளிகளை ஆய்வு செய்யும் அமைப்பான ஆப்ஸ்டெட் நிறுத்திவிட்டது. பழைய பலகைகள் இன்னும் வாசலில் தொங்கும், சில பத்து வருடப் பழையவை. அறிக்கையை முழுக்கப் படியுங்கள், ஏழெட்டுப் பக்கம்தான். முடிந்தால் மூன்றேகால் மணிக்கு வாசலில் போய் நில்லுங்கள். பெற்றோர் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா, ஆசிரியர் பிள்ளையை எப்படி ஒப்படைக்கிறார், பிள்ளைகள் என்ன முகத்தோடு வருகிறார்கள் என்பதைப் பத்து நிமிடம் பார்த்தால் போதும். நான் என் பிள்ளைக்குப் பள்ளி பார்த்தது அப்படித்தான்.

பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசும்போது, நடுவருடத்தில் வருகிற பிள்ளையை எப்படிப் பழக்குவீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். நல்ல பள்ளியில் முதல் வாரம் கூட ஒரு பிள்ளையைத் துணைக்கு விடுவார்கள், முடிந்தால் அதே மொழி பேசுகிற பிள்ளையை.

பையன் இயர் 2இல் சேர்வதால் ஒன்று. இங்கே ரிசப்ஷனிலிருந்தே போனிக்ஸ் முறையில் ஒலியைக் கூட்டிப் படிக்கப் பழக்குகிறார்கள். இயர் 1 முடிவில் ஒரு சின்னச் சோதனை உண்டு. அங்கே எழுத்தின் பெயரைச் சொல்லிப் படித்த பிள்ளைக்கு இது புதிதாக இருக்கும். வருவதற்கு முன் தினம் பத்து நிமிடம் ஒலிகளை மட்டும் பழக்குங்கள். வீட்டில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டாம். வீட்டில் தமிழை நன்றாகப் பேசுகிற பிள்ளைகள் கதையைக் கோவையாகச் சொல்லும், அந்தத் திறமை அப்படியே ஆங்கிலத்துக்கு வந்துவிடும். வகுப்பில் கண்ணால் பார்க்கிறேன்.

மழைநடை

சிறுவாணி கேட்டதற்கு. ஆமாம், அவர் முதலில் வருவதுதான் சரி. ஒரு மாதத்துக்கு அறை எடுத்துத் தங்கட்டும். லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு மாறாமல் ரயில் இருக்கிற மூன்று நாலு இடத்தைக் குறித்துக்கொண்டு, கவுன்சிலிலும் பள்ளிகளிலும் இயர் 2 இடம் கேட்கட்டும். ஹாரோவிலிருந்தும் மெட்ரோபாலிட்டன் லைனில் மாறாமல் போகலாம், ஆனால் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். அந்த ஒரு காரணத்துக்காகவே, நான் இருக்கிற இடம் என்பதையும் மீறி, உங்களைக் கிழக்குப் பக்கம் பார்க்கச் சொல்கிறேன். இல்ஃபர்ட், செவன் கிங்ஸ், குட்மேஸ் எல்லாம் எலிசபெத் லைன், அந்த ஸ்டேஷன்களில் லிப்ட் உண்டு. மூன்றும் ரெட்பிரிட்ஜ் கவுன்சிலுக்குள். நம்மவர்கள் உண்டு, மற்றவர்களும் நிறைய உண்டு. நல்லூரான் அண்ணா சொன்ன கதவு கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று உங்களுக்குச் சாதகம். லண்டனில் பிறப்பு குறைந்துகொண்டே வருகிறது. உள்நகரில் பிள்ளை இல்லாமல் சில தொடக்கப் பள்ளிகளை மூடியே விட்டார்கள். ஒன்பது வருடம் முன்பு நான் பட்ட பாடு இப்போது பல இடங்களில் இல்லை.

சிறுவாணி

பாப்பாவுக்கு நர்சரி எப்படி? தனியார் நர்சரிக் கட்டணம் பார்த்துத் தலை சுற்றியது. வாரம் 30 மணி நேரம் இலவசம் என்றும் படித்தேன்.

சுண்ணக்கட்டி

30 மணி நேரம் உங்களுக்கு வராது. பெற்றோர் இருவரும் வேலை செய்கிற குடும்பத்துக்கானது அது, தவிர உங்கள் விசாவில் பொது நிதி, அதாவது அரசு உதவிகள், கிடையாது என்ற நிபந்தனை இருக்கும். ஆனால் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாரம் 15 மணி நேரம், வருடத்தில் 38 வாரம் உண்டு. அதற்கு விசாவும் பார்ப்பதில்லை, வேலையும் பார்ப்பதில்லை. பலர் இது தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். பள்ளியோடு சேர்ந்த நர்சரி வகுப்பில் கேளுங்கள். காலையில் மூன்று மணி நேரம் அவள் அங்கே இருந்தால் உங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். ஒரே எச்சரிக்கை, அந்த நர்சரியில் இருப்பதால் மட்டும் அதே பள்ளியில் ரிசப்ஷன் இடம் தானாக வராது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மதியச் சாப்பாடு பற்றியும் கவலை வேண்டாம். 2023 செப்டம்பரிலிருந்து லண்டன் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைக்கும் இலவசம். சைவம் தனியாக உண்டு.

தூரத்து மணி

எல்லோரும் ரயிலையும் பள்ளியையும் பேசுகிறீர்கள். வீடு எந்தச் சாலையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள், அம்மா. நான் மருத்துவமனையில் பிள்ளைகள் பிரிவில் வேலை செய்தவள்.

இல்ஃபர்ட், ஈஸ்ட்ஹாம் பக்கம் போனால் வண்டிகள் ஓயாத நார்த் சர்க்குலர் சாலை ஓடும். அதை ஒட்டிய வீடுகளின் வாடகை கொஞ்சம் குறைவாக இருக்கும். எடுக்காதீர்கள். தெற்கு லண்டன் லூயிஷமில் அதே மாதிரியான சவுத் சர்க்குலர் சாலை அருகே வளர்ந்த ஒன்பது வயதுப் பெண் பிள்ளை 2013இல் ஆஸ்துமாவில் இறந்தாள். 2020இல் அவள் மரணத்துக்குக் காற்று மாசும் காரணம் என்று விசாரணை அதிகாரி பதிவு செய்தார். இந்த நாட்டில் அப்படிப் பதிவானது அதுதான் முதல் முறை. பெரிய சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே போனாலே வித்தியாசம் உண்டு. பள்ளிக்குப் போகிற வழியையும் உள்தெரு வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பல பள்ளி வாசல்களில் காலையிலும் மாலையிலும் கார் வராதபடி தெருவை மூடுகிறார்கள், அப்படி இருந்தால் மிக நல்லது.

வீடு உறுதியானதும் முதல் வாரமே குடும்ப மருத்துவரான ஜிபியிடம் நாலு பேரையும் பதியுங்கள். ஊரில் போட்ட தடுப்பூசி அட்டையை மறக்காமல் கொண்டு வாருங்கள். பாப்பாவுக்குத் தினம் வைட்டமின் டி சொட்டு மருந்து, 10 மைக்ரோகிராம். ஐந்து வயது நிறையும் வரை வருடம் முழுக்கக் கொடுக்கச் சொல்கிறார்கள். நம் தோல் நிறத்துக்கு இங்கே வெயில் போதாது.

கெனட்டோரம்

வாடகைக் கணக்கு ஒன்று விட்டுப்போயிற்று. பெரும்பாலான ஏஜென்டுகள் மாத வாடகையின் 30 மடங்கு ஆண்டுச் சம்பளம் எதிர்பார்ப்பார்கள். 2,000 பவுண்டு வீடு என்றால் 60,000. குறைந்தால் இங்கிலாந்தில் இருக்கும் ஒருவரை ஜாமீன் கேட்பார்கள். டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, வாங்கினால் 30 நாளுக்குள் அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டத்தில் போட்டுச் சான்று தர வேண்டும். என்னிடம் அப்போது ஆறு மாத வாடகையை முன்பணமாக வாங்கினார்கள். 2026 மே முதல் ஒரு மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று சட்டம், பிள்ளைகள் இருப்பதால் வீடு இல்லை என்று சொல்வதும் தவறு. நீங்கள் அதற்கு முன் வருகிறீர்கள், அதனால் பேரம் பேசத் தயாராக இருங்கள். கவுன்சில் டாக்ஸ் குடியிருப்பவர் தலையில்தான். வீட்டின் 1991 மதிப்பை வைத்து ஏ முதல் எச் வரை பேண்ட் போட்டிருப்பார்கள். வீடு பார்க்கும்போதே எந்தப் பேண்ட் என்று கேட்டுவிடுங்கள்.

நல்லூரான்

தங்கச்சி, அவர் வந்து இறங்கினாச் சொல்லுங்கோ. சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. தெருவளைக் காட்டுறன்.

சிறுவாணி

எல்லோருக்கும் வணக்கம். மார்ச் ஆகிவிட்டது, சொல்ல வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டேன்.

அவர் ஜனவரியில் வந்து மேனர் பார்க்கில் ஒரு அறையில் தங்கினார். மதிய இடைவேளையில் பதினேழு பள்ளிக்குத் தொலைபேசி செய்தார். பதினொன்றில் இயர் 2 நிரம்பிவிட்டது. இடம் இருந்த ஆறில் நாலு எங்கள் வரம்புக்குள். நல்லூரான் அண்ணா இரண்டு சனிக்கிழமை அவரோடு மழையில் நடந்தார். செவன் கிங்ஸில் ஒரு வீடு, பள்ளியிலிருந்து எட்டு நிமிடம். அலமாரியை நகர்த்திப் பார்த்தார்கள். விசிறியில் தாளும் ஒட்டியது. அடுத்த தெருவிலேயே இதைவிட 150 பவுண்டு குறைவாக, பெரிய சமையலறையோடு ஒன்று இருந்தது. அதன் ஜன்னல் பிரதான சாலையைப் பார்த்து இருந்ததால் விட்டுவிட்டார். படத்தில் எனக்கு அந்தச் சமையலறைதான் பிடித்திருந்தது, கொஞ்சம் சண்டை கூடப் போட்டேன்.

நாங்கள் பிப்ரவரி விடுமுறை வாரத்தில் வந்தோம். பையனுக்கு விண்ணப்பித்து ஒன்பதாவது பள்ளி நாளில் இடம் வந்தது. முதல் நாள் அவனுக்குத் துணையாக விட்டது ஒரு பஞ்சாபிப் பையனை. மத்தியானம் வந்ததும், "அம்மா, அவன் வீட்டிலும் ரசம் மாதிரி ஒன்று இருக்காம்" என்றான். பாப்பா அதே பள்ளி நர்சரியில் காலை நேரம்.

ரிசப்ஷன் தாமத விண்ணப்பம் போட்டாயிற்று. ஏப்ரல் 16 எங்களுக்கு வராது, அதற்கடுத்த சுற்றில்தான். பள்ளி அலுவலகத்தில் ஒன்று சொன்னார்கள், மற்றவர்களுக்கும் உதவும். காத்திருப்போர் பட்டியலில் முன்னால் விண்ணப்பித்தவர் முன்னால் என்ற கணக்கே இல்லையாம். உடன்பிறந்தவர் அங்கே படித்தால் முன்னுரிமை, பிறகு தூரம். அண்ணன் உள்ளே இருப்பதால் அவள் பெயர் மேலே இருக்கும் என்றார்கள்.

புதுத்தறி, உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள், நானும் ஒரு நாள் அழுதேன். போன செவ்வாய், பாப்பாவுக்கு வாந்தி, வெளியே கொட்டுகிற மழை, அவர் அலுவலகத்தில். மூன்று மணிக்கு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். நைஜீரிய அம்மா ஒருவர், அவர் பேத்தியும் அதே பள்ளி. நான் வாயைத் திறப்பதற்குள் குடையை எடுத்துவிட்டார். பையன் நனையாமல் வந்து சேர்ந்தான். நேற்று அவருக்குக் கொஞ்சம் பருப்புப் பொடியும் நெய்யும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மழைநடை அக்கா, ஒரு கேள்வி பாக்கி. நாலு வயதுக்கு மழை பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக வாங்கலாமா, சரியான அளவே வாங்க வேண்டுமா? இவள் எந்தக் குட்டையையும் விடுவதில்லை.

மழைநடை

ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே கம்பளிக் காலுறை போட்டுவிடலாம். அடுத்த குளிர்காலத்துக்கும் வரும்.